மவுஸ் கர்சர் இப்போது யார் கையில்? க்யூட் செயலிகளில் கர்சர் பிழைகளைக் கண்டறியும் முறை

லினக்ஸ் மேசைக்கணினிகள் எக்ஸ்11 என்ற பழைய காட்சி அமைப்பை விட்டு வேலேண்ட் என்ற புதிய அமைப்புக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஃபெடோரா 2016இல் தன் 25ஆம் பதிப்பிலேயே அதை இயல்பாக்கிவிட்டது. உபுண்டு 25.10இல் க்னோம் மேசைச்சூழலின் பயனர்களுக்கு எக்ஸ்11 அமர்வே கிடையாது. இந்த மாற்றத்தோடு, நிரலில் ஒரு வரிகூடத் தொடப்படாத செயலிகளில் கர்சர் புகார்கள் வரத் தொடங்கின. சாளரத்துக்குள் நுழைந்ததும் கர்சர் சிறுத்துவிடுகிறது. முப்பரிமாணக் காட்சியைச் சுழற்றும்போது திரை ஓரத்தில் முட்டி நின்றுவிடுகிறது. எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவான பழைய தொல்லைகளும் இருக்கவே இருக்கின்றன: வேலை முடிந்த பிறகும் போகாத காத்திருப்பு வட்டம், ஓரத்தில் தோன்றி உள்ளேயும் ஒட்டிக்கொள்ளும் இருமுனை அம்பு, சுட்டிய இடத்துக்குச் சில பிக்சல் தள்ளிப் பதியும் கிளிக்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே தவறான நம்பிக்கையிலிருந்து பிறக்கின்றன: கர்சர் செயலிக்குச் சொந்தமானது என்ற நம்பிக்கை. மவுஸ் ஒன்று என்றால் திரையில் கர்சரும் ஒன்றுதான். அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை இயங்குதளம், டூல்கிட் (சாளரங்களையும் பொத்தான்களையும் கட்ட உதவும் நிரல்தொகுப்பு), செயலி, செயலிக்குள் இருக்கும் விட்ஜெட் (பொத்தான், பெட்டி போன்ற உறுப்பு) என்று கைமாறிக்கொண்டே இருக்கிறது. பிழை தெரியும் கணத்தில் அந்த உரிமை யாரிடம் இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. நிரலைத் திருத்துவது அதற்குப் பிறகு. கீழே க்யூட் டூல்கிட்டை முதன்மையாக எடுத்துக்கொள்வோம். டிகே, டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் ஆகியவை வேறுபடும் இடங்களில் அவையும் வரும்.

கர்சரின் உள்ளே என்ன இருக்கிறது

கர்சருக்கு இரண்டு பகுதிகள். ஒன்று படம். மற்றொன்று ஹாட்ஸ்பாட், அதாவது அந்தப் படத்தில் எந்தப் பிக்சல் உண்மையான இடமாகக் கணக்கிடப்படுகிறது என்ற புள்ளி. அம்புக்கு அது நுனியில் இருக்கும், கூட்டல் குறிக்கு நடுவில்.

இந்தப் படம் பெரும்பாலும் செயலியின் சாளரத்தில் வரையப்படுவதே இல்லை. கிராபிக்ஸ் அட்டையில் கர்சருக்கென்று தனித் தளம் உண்டு. திரைக்குப் படம் போகும் கடைசிக் கட்டத்தில் அட்டை அதை மேலே ஒட்டிவிடுகிறது. செயலி உறைந்து கிடக்கும்போதும் கர்சர் வழுக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான். ஸ்கிரீன்ஷாட்டில் கர்சர் விடுபட்டுப் போவதும் இதனால்தான். கர்சர் பிழைக்கு ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. படமெடுக்கும் கருவி கர்சரைத் தானே மறுபடி வரைந்து சேர்த்திருக்கலாம். கைப்பேசியில் திரையை வீடியோ எடுப்பதே நம்பத் தகுந்த வழி.

நான்கு அமைப்புகள், நான்கு சட்டங்கள்

விண்டோஸில் மவுஸ் நகரும்போதெல்லாம், அடியில் இருக்கும் சாளரத்துக்கு 'செட்கர்சர்' செய்தி போகிறது. அதற்குச் செயலி பதில் சொல்லாவிட்டால், சாளர வகுப்பைப் பதிவு செய்தபோது கொடுத்த இயல்புக் கர்சரை விண்டோஸே வைத்துவிடும். ஒருமுறை கர்சரை மாற்றிவிட்டு அது நிலைக்கும் என்று எதிர்பார்த்தால், மவுஸ் ஒரு பிக்சல் நகர்ந்ததும் பழையது வந்துவிடும். ஒரு சாளரம் மவுஸைக் கைப்பற்றி வைத்திருக்கும்போது இந்தச் செய்தி வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கர்சரைக் காட்டுவதும் மறைப்பதும் இங்கே ஒரு எண்ணியின் கணக்கு. எண்ணி 0 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கர்சர் தெரியும். இருமுறை மறைத்து ஒருமுறை காட்டினால் கர்சர் மறைந்தே இருக்கும்.

மேக்ஓஎஸ்ஸில் காட்சிப் பகுதிகள் தங்களுக்கான கர்சர் செவ்வகங்களைப் பதிவு செய்துவைக்கின்றன, அல்லது கண்காணிப்புப் பகுதி வழியாக அறிவிப்பு பெறுகின்றன. மறைத்தலும் காட்டலும் இங்கும் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். செயலி சில நொடிகள் நிகழ்வுகளைக் கவனிக்காவிட்டால் வரும் வண்ணப் பந்து இயங்குதளம் வைப்பது. செயலி எதைச் செய்தும் அதை அகற்ற முடியாது. உறைவு நீங்கினால் தானே போகும்.

எக்ஸ்11இல் கர்சர் என்பது சாளரத்தின் ஒரு பண்பு. ஒரு சாளரத்துக்குக் கர்சர் குறிக்கப்படவில்லை என்றால் அதன் தாய்ச் சாளரத்தின் கர்சரை எக்ஸ் வழங்கி (சர்வர்) எடுத்துக்கொள்ளும். குறித்துவிட்டால் போதும், மற்றதை வழங்கி பார்த்துக்கொள்ளும். செயலி உறைந்தாலும் சரியான வடிவம் தெரியும்.

வேலேண்ட் இதை அடியோடு மாற்றியது. கர்சர் சாளரத்துக்குள் நுழைந்ததும் கம்போசிட்டர் (சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் நிரல்) 'நுழைவு' நிகழ்வை ஒரு வரிசை எண்ணோடு அனுப்பும். அந்தக் கணத்தில் கர்சரின் படம் வரையறுக்கப்படாத நிலையில் இருக்கிறது. செயலி அதே வரிசை எண்ணைத் திருப்பிச் சொல்லி, தன் கர்சர் படத்தைக் கொடுக்க வேண்டும். பழைய எண்ணைச் சொன்னால் கோரிக்கை சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். பிழைச் செய்தியும் வராது.

க்யூட் நடுவில் என்ன செய்கிறது

க்யூட் செயலியில் பொதுவாக ஒரு மேல்நிலைச் சாளரம் மட்டுமே இயங்குதளத்துக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பொத்தான்களும் பட்டியல்களும் க்யூட் தானே வரையும் விட்ஜெட்டுகள். மவுஸ் ஒரு விட்ஜெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எந்தக் கர்சரைக் காட்டுவது என்ற முடிவை க்யூட் எடுத்து இயங்குதளத்துக்குச் சொல்கிறது. அந்த முடிவு இந்த வரிசையில் நடக்கிறது:

1. ஓவர்ரைடு கர்சர் (மற்ற எல்லாக் கர்சர்களையும் மீறுவது) அடுக்கில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மேலே உள்ளதுதான் செயலி முழுவதற்கும்.
2. இல்லையென்றால், மவுஸுக்கு அடியில் இருக்கும் விட்ஜெட்டுக்குச் சொந்தக் கர்சர் வைக்கப்பட்டிருக்கிறதா?
3. அதுவும் இல்லையென்றால் தாய் விட்ஜெட், அதன் தாய் என்று சாளரம்வரை மேலேறிப் பார்.

பெரும்பாலான கர்சர் பிழைகள் இந்த மூன்று படிகளில் ஒன்றில்தான் விழுகின்றன.

போகாத காத்திருப்பு வட்டம்

ஓவர்ரைடு கர்சர் ஓர் அடுக்கு. செட்ஓவர்ரைடுகர்சர் மேலே ஒன்றை வைக்கிறது. ரீஸ்டோர்ஓவர்ரைடுகர்சர் மேலே உள்ள ஒன்றை மட்டும் எடுக்கிறது. மூன்று முறை வைத்தால் மூன்று முறை எடுத்தாக வேண்டும்.

எழுதும்போது ஜோடி சரியாகத்தான் இருக்கும். உடைவது இடையில். கோப்பைத் திறக்கும் ஒரு செயற்கூறு முதல் வரியில் காத்திருப்பு கர்சரை வைக்கிறது, கடைசி வரியில் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து யாரோ நடுவில் 'கோப்பு காலியாக இருந்தால் இங்கேயே திரும்பு' என்று ஒரு வரி சேர்க்கிறார். காலிக் கோப்பைத் திறக்கும் பயனருக்கு மட்டும் வட்டம் நிற்காது. சோதனை செய்பவர் காலிக் கோப்பைத் திறந்து பார்க்கவே மாட்டார். எக்செப்ஷன் எறியப்பட்டாலும் இதே கதிதான்.

தீர்வு: எடுக்கும் வேலையைச் செயற்கூறின் கடைசி வரியில் விடக் கூடாது, வெளியேறும் எல்லா வழிகளிலும் தானாக ஓடும்படி கட்டிவிட வேண்டும். சி++இல் க்யூட் 5.12 முதல் உள்ள ஸ்கோப்கார்டு அதைச் செய்யும். பைதானில் டிரை, ஃபைனலி போதும், அல்லது ஒரு கான்டெக்ஸ்ட் மேனேஜர். டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸில் பிஸிகர்சர் என்ற வகுப்பே இதற்காக இருக்கிறது. அந்தப் பொருளின் ஆயுள் முடிந்ததும் கர்சர் திரும்பிவிடும்.

அடுக்கு காலியாகும்வரை சுழற்சியில் எடுத்துக்கொண்டே இருக்கும் நிரலைப் பல இடங்களில் காணலாம். அதைச் செய்யக் கூடாது. வேறொரு பகுதி நியாயமாக வைத்திருக்கும் கர்சரையும் அது சேர்த்து அழித்துவிடும். அந்தப் பகுதி பின்னால் எடுக்க வரும்போது எண்ணிக்கை தாறுமாறாகிவிடும். உண்மையான கசிவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

கசிவைப் பிடிக்க எளிய வழி: இரண்டு செயற்கூறுகளிலும் டீபக்கரில் நிறுத்தப் புள்ளி வைத்து, நிற்காமல் அழைப்புத் தடத்தை மட்டும் அச்சிட்டுவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். பிழையை ஒருமுறை நிகழ்த்துங்கள். வைத்தவற்றையும் எடுத்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஜோடி இல்லாத அழைப்பு உடனே தெரியும்.

இதன் கிளைப் பிழை ஒன்று பயனரை இன்னும் குழப்பும். காத்திருப்பு கர்சர் வைத்த பிறகு, எடுப்பதற்கு முன், ஒரு பிழைச் செய்திப் பெட்டி திறக்கிறது. 'சரி' பொத்தானின் மேலும் வட்டமே சுழல்கிறது. கணினி இன்னும் வேலை செய்கிறது என்று நினைத்துப் பயனர் பொத்தானை அழுத்தாமல் காத்திருப்பார். பெட்டியைத் திறப்பதற்குச் சற்று முன் அம்பு கர்சரை அடுக்கில் வைத்து, மூடியதும் எடுத்துவிட்டால் போதும். அடுக்காக அமைத்ததன் பயனே இதுதான்.

சுழல்வது உங்கள் வட்டம்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். விண்டோஸில் ஒரு சாளரம் 5 நொடிக்கு மேல் செய்திகளை எடுக்காவிட்டால் 'பதிலளிக்கவில்லை' என்ற நிலைக்குத் தள்ளப்பட்டு இயங்குதளத்தின் வட்டம் வரும். காத்திருப்பு கர்சருக்குப் பதிலாகத் தற்காலிகமாகக் கூட்டல் குறியை வைத்து ஓட்டிப் பாருங்கள். கூட்டல் குறி ஒட்டிக்கொண்டு நின்றால் அடுக்கில் கசிவு. அப்போதும் வட்டமே தெரிந்தால் நிகழ்வுச் சுழற்சி (வரும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும் சுழற்சி) அடைபட்டிருக்கிறது. வேலையைத் தனி இழைக்கு (திரெட்) மாற்ற வேண்டும். அந்த இழையிலிருந்து நேரடியாகக் கர்சரைத் தொடக் கூடாது. சிக்னல் அனுப்பி, முதன்மை இழையில்தான் மாற்ற வேண்டும்.

டிகேயில் இதன் எதிர்ப்பக்கம் நிகழும்: வட்டம் தோன்றவே தோன்றாது. கர்சரை 'வாட்ச்' என்று அமைத்துவிட்டு உடனே நீண்ட கணக்கில் இறங்கினால், அந்த மாற்றம் திரைக்குப் போய்ச் சேர வாய்ப்பே கிடைப்பதில்லை. அமைத்த பிறகு ஒருமுறை அப்டேட் அழைக்க வேண்டும். அப்போதும் உள்ளீட்டுப் பெட்டிகளின் மேல் பழைய எழுத்துக் கர்சரே தெரியும், ஏனென்றால் அவற்றுக்குச் சொந்தக் கர்சர் இருக்கிறது.

ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் இருமுனை அம்பு

தலைப்புப் பட்டை இல்லாத, தானே வடிவமைத்த சாளரங்களில் இது கிட்டத்தட்ட எப்போதும் வரும். சாளரத்தின் மவுஸ் நகர்வு நிகழ்வில் 'ஓரத்திலிருந்து 5 பிக்சலுக்குள் இருந்தால் இருமுனை அம்பு, இல்லையென்றால் சாதாரண அம்பு' என்று எழுதுவார்கள். மெதுவாக நகர்த்தினால் வேலை செய்யும். கொஞ்சம் வேகமாக உள்ளே போனால் இருமுனை அம்பு உள்ளேயும் தொடரும்.

காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். மவுஸ் ஓரத்தில் இருக்கும்போது சாளரத்துக்கு இருமுனை அம்பு வைக்கப்படுகிறது. அடுத்த அசைவில் மவுஸ் ஒரு உள் விட்ஜெட்டின் மேல் வந்துவிடுகிறது. இப்போது நகர்வு நிகழ்வு சாளரத்துக்குப் போவதில்லை, உள் விட்ஜெட்டைச் சேர்ந்ததாகிவிடுகிறது. அந்த விட்ஜெட்டில் மவுஸ் கண்காணிப்பு இயல்பாகவே அணைந்திருப்பதால், பொத்தான் அழுத்தாத நகர்வு அங்கும் வராது. ஆக, 'சாதாரண அம்புக்குத் திரும்பு' என்ற வரி ஓடவே இல்லை. உள் விட்ஜெட்டுக்குச் சொந்தக் கர்சரும் இல்லை, எனவே மூன்றாம் படியின்படி தாயிடம் கேட்கிறது. தாய் இன்னும் இருமுனை அம்பைத்தான் வைத்திருக்கிறது.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இதோ. சாதாரண யுஎஸ்பி மவுஸ் நொடிக்கு 125 முறை தன் இடத்தைச் சொல்கிறது, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. கை நொடிக்கு 2000 பிக்சல் வேகத்தில் நகர்ந்தால் இரண்டு அறிக்கைகளுக்கு இடையே 16 பிக்சல் கடந்துவிடும். 5 பிக்சல் அகல ஓரத்தை ஒரு அறிக்கைகூடத் தொடாமல் தாண்டிவிட முடியும். 'வெளியேறும் வழியில் கண்டிப்பாக இந்தப் பட்டையைக் கடக்கும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று எழுதிய எந்த நிரலும் ஒருநாள் உடையும்.

மூன்று தீர்வுகள் உண்டு. உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் நடு விட்ஜெட்டுக்கு வெளிப்படையாக அம்பு கர்சரை வைத்துவிடலாம். ஒரே வரி, பெரும்பாலும் இதுவே போதும். அல்லது நான்கு ஓரங்களுக்கும் நான்கு மூலைகளுக்கும் மெல்லிய தனி விட்ஜெட்டுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கர்சரை நிலையாகக் கொடுக்கலாம். அப்போது நகர்வு நிகழ்வை நம்ப வேண்டியதே இல்லை, க்யூட் தானே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, எல்லா நிகழ்வுகளையும் வடிகட்டி ஒன்றில் பிடித்துச் சோதிப்பது. இது கடைசித் தேர்வாக இருக்கட்டும். மவுஸின் ஒவ்வொரு அசைவுக்கும் ஓடும், சிக்கலும் அதிகம். எதைத் தேர்ந்தாலும் அளவு மாற்றும் வேலையை க்யூட் 5.15இல் வந்த ஸ்டார்ட்சிஸ்டம்ரீசைஸ் மூலம் இயங்குதளத்திடமே ஒப்படைப்பது நல்லது. வேலேண்டில் சாளரம் தன் இடத்தைத் தானே நகர்த்த முடியாது என்பதால், இடது ஓரத்தையும் மேல் ஓரத்தையும் பிடித்து இழுப்பது வேறு வழியில் சரியாக அமையாது.

'கர்சர் வைத்தேன், மாறவில்லை'

1. உருளும் பகுதிகள். உரைப்பெட்டி, அட்டவணை, பட்டியல் போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியும் உள்பரப்பு வியூபோர்ட் என்ற தனி விட்ஜெட். உரைப்பெட்டியின் வியூபோர்ட்டுக்கு ஏற்கெனவே எழுத்துக் கர்சர் வைக்கப்பட்டிருக்கிறது. வெளிப் பெட்டிக்கு வைத்தால் பயனில்லை. வியூபோர்ட்டுக்கு வைக்க வேண்டும்.

2. முடக்கப்பட்ட விட்ஜெட்டுகள். விண்டோஸின் நடத்தையைப் பின்பற்றி, முடக்கிய விட்ஜெட்டின் கர்சரை க்யூட் காட்டுவதில்லை. முடக்கிய பொத்தானின் மேல் 'தடை' கர்சர் காட்ட விரும்பினால், அதைச் சுற்றி முடக்கப்படாத ஒரு விட்ஜெட் வேண்டும். பொத்தானின் மேல் மவுஸ் நிகழ்வுகள் கடந்துபோகும் பண்பையும் இயக்க வேண்டும்.

3. மவுஸ் கண்காணிப்பு. நகர்வு நிகழ்வுக்குள் கர்சரை மாற்றும் நிரல் பொத்தானை அழுத்தினால் மட்டும் வேலை செய்கிறதென்றால் கண்காணிப்பு அணைந்திருக்கிறது. தாயில் இயக்கினால் சேய்களுக்கு வராது, ஒவ்வொன்றிலும் இயக்க வேண்டும்.

4. பொத்தான் அழுத்திய நிலை. அழுத்தியபடி வேறொரு விட்ஜெட்டின் மேல் போனால் அதன் கர்சர் வராது. விடும்வரை நிகழ்வுகள் அழுத்திய விட்ஜெட்டுக்கே சொந்தம். இது பிழை அல்ல.

5. இழுத்துப் போடுதல். இழுவை தொடங்கியதும் கர்சர் இழுவை அமைப்பின் கைக்குப் போய்விடும். மாற்ற வேண்டுமென்றால் இழுவைப் பொருளிடம் அதற்கென உள்ள செட்டிராக்கர்சர் வழியாகத்தான்.

6. கிராபிக்ஸ் காட்சி. கை இழுவை முறையை இயக்கினால் காட்சியே வியூபோர்ட்டில் விரித்த கை கர்சரை வைத்துவிடுகிறது. நீங்கள் வைத்ததோடு அது மோதும்.

7. உண்மையான சேய்ச் சாளரங்கள். வீடியோ இயக்கி, பதிக்கப்பட்ட வேறு செயலியின் பகுதி போன்றவை இயங்குதளத்துக்கே தனிச் சாளரமாகத் தெரியும். அவற்றின் கர்சர் க்யூட்டின் மூன்று படிகளுக்குள் வராமல் போகலாம்.

இன்னொன்று: மவுஸ் அசையாமல் உள்ளடக்கம் மட்டும் நகர்ந்தால் கர்சர் பழையதாகவே நிற்கும். அனிமேஷனில் ஒரு பலகை மவுஸுக்கு அடியில் வந்து நிற்பது, பட்டியல் தானாக உருள்வது போன்ற இடங்களில் இதைப் பார்க்கலாம். மவுஸை ஒரு பிக்சல் அசைத்ததும் சரியாகிவிட்டால் இந்த வகைதான்.

வேலேண்டில் மட்டும் வருபவை

முதலில் சிறுத்துப்போகும் கர்சர். படத்தைக் கொடுப்பது செயலியின் பொறுப்பு என்று பார்த்தோம். செயலி அந்தப் படத்தை எக்ஸ்கர்சர் தீம், எக்ஸ்கர்சர் அளவு என்ற இரண்டு சூழல் மாறிகளையும், தீம் கோப்புகளையும் பார்த்துத் தானே ஏற்றுகிறது. மேசைச்சூழலின் அமைப்பில் 48 என்றிருந்து, செயலிக்கு அந்தத் தகவல் எட்டவில்லை என்றால், அது 24 அளவில் ஏற்றிவிடும். சாளர எல்லையைத் தாண்டும் கணத்தில் கர்சர் பாதியாகும். ஃபிளாட்பேக் போன்ற தனிப்பெட்டிக்குள் ஓடும் செயலிகளுக்குப் பயனர் நிறுவிய தீம் கோப்புகளே கண்ணில் படாமல் போகலாம், அப்போது வடிவமும் மாறும். இரண்டு மாறிகளையும் வெளிப்படையாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். சரியானால் காரணம் உறுதி. 2023இல் வந்த 'கர்சர் ஷேப்' நெறிமுறை இதை வேரோடு தீர்க்கிறது. செயலி படத்தைக் கொடுக்காமல் 'எனக்கு எழுத்துக் கர்சர் வேண்டும்' என்று பெயரை மட்டும் சொல்லும், படத்தைக் கம்போசிட்டர் வரையும். டூல்கிட், கம்போசிட்டர் இரண்டும் ஆதரித்தால்தான் பயன்.

இரண்டாவது, இடமாற்றம். திரையின் எந்த இடத்துக்கும் கர்சரைத் தூக்கி வைக்கும் வசதியை வேலேண்ட் செயலிகளுக்குத் தருவதில்லை. க்யூட்டின் செட்பாஸ் அழைப்பு அங்கே பொதுவாகப் பலன் தராது. முப்பரிமாணக் காட்சியைச் சுழற்றும்போது கர்சரை மீண்டும் மீண்டும் நடுவுக்கு இழுத்து வைக்கும் பழைய உத்தி இதனால் உடைகிறது. அந்த உத்தியின் நோக்கம் எல்லையில்லா நகர்வைப் பெறுவது. அதற்கு வேலேண்டில் கர்சரைப் பூட்டும் நெறிமுறையும் சார்பு நகர்வைத் தரும் நெறிமுறையும் தனியாக இருக்கின்றன. 2025இல் சேர்ந்த 'பாயின்ட்டர் வார்ப்' நெறிமுறைகூடத் தன் சாளரப் பரப்புக்குள் நகர்த்தக் கோரிக்கை வைக்க மட்டுமே இடம் தருகிறது. கம்போசிட்டர் மறுக்கலாம். இது வேண்டுமென்றே எடுத்த முடிவு: தெரியாத ஒரு செயலி உங்கள் கர்சரை வேறு பொத்தானின் மேல் கொண்டுபோய் வைக்க முடியாமல் இருப்பது பாதுகாப்பு.

மூன்றாவது, அண்டைச் சாளரத்தின் வடிவம் ஒட்டிக்கொள்வது. செயலி உறைந்திருக்கும்போது கர்சர் உள்ளே நுழைந்தால் 'நுழைவு' நிகழ்வுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. முந்தைய படமே தொடரலாம். எக்ஸ்11இல் இது வராது என்பதால், 'வேலேண்டில் கர்சர் பிழை' என்று பதிவாகும் சில புகார்கள் உண்மையில் நிகழ்வுச் சுழற்சி அடைபட்ட புகார்கள்.

நான்காவது கடுமையானது: கர்சர் மாறும் கணத்தில் செயலியே மூடிக்கொள்வது. இரட்டை அளவுத் திரையில் (200 சதவீத அளவீடு) கர்சர் படத்தின் அகலமும் உயரமும் 2ஆல் வகுபட வேண்டும். 25 பிக்சல் அகலப் படத்தைக் கொடுத்துவிட்டு அளவு 2 என்று சொன்னால் அது நெறிமுறை மீறல், கம்போசிட்டர் இணைப்பையே துண்டித்துவிடலாம். குறிப்பிட்ட ஒரு கர்சர் தீமில் மட்டும் செயலி விழுந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

தள்ளிப் பதியும் கிளிக்

இரண்டு வெவ்வேறு காரணங்கள் ஒரே அறிகுறியைத் தருகின்றன.

ஒன்று ஹாட்ஸ்பாட். க்யூட்டில் படத்தை மட்டும் கொடுத்து ஹாட்ஸ்பாட்டைச் சொல்லாவிட்டால் படத்தின் நடுப்புள்ளி எடுத்துக்கொள்ளப்படும். 32க்கு 32 அளவுள்ள தூரிகைப் படத்தின் நுனி இடது மேல் மூலையில் இருந்தால், கோடு நுனியிலிருந்து 16 பிக்சல் வலமும் கீழும் தள்ளி விழும். உயர் அடர்த்தித் திரையில் இன்னொரு வகை வருகிறது. வடிவமைப்பாளர் 64க்கு 64 படம் தருகிறார், நுனி 8, 8 என்ற இடத்தில். இரட்டை அளவுத் திரையில் அது 32 தர்க்கப் பிக்சலாக (திரை அளவீட்டால் பெருக்குவதற்கு முன் செயலி எண்ணும் பிக்சல்) தெரிய வேண்டும். எனவே படத்துக்குப் பிக்சல் விகிதம் 2 என்று குறித்து, ஹாட்ஸ்பாட்டை 4, 4 என்று கொடுக்க வேண்டும். 8, 8 என்றே விட்டால் 4 தர்க்கப் பிக்சல் பிசகும். விகிதத்தைக் குறிக்க மறந்தால் கர்சர் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். எல்லாத் தளங்களிலும் செல்லுபடியாகும் அளவு என்று க்யூட் பரிந்துரைப்பது 32க்கு 32 மட்டும்தான்.

மற்றொன்று ஆயத்தொலைவு. க்யூட் 6இல் உயர் அடர்த்தி அளவீடு எப்போதும் இயங்கும். செயலிக்கு வரும் இடங்கள் எல்லாம் தர்க்கப் பிக்சலில் வருகின்றன. இயங்குதளத்தை நேரடியாகக் கேட்டு வாங்கிய இடம் உண்மைப் பிக்சலில் இருக்கலாம். இரண்டையும் கலந்தால் 150 சதவீதத் திரையில் 400 என்பது 600 ஆகிவிடும். பிசகு மூலையிலிருந்து தூரம் போகப் போக வளர்ந்தால் இதுதான் காரணம். எங்கே கிளிக் செய்தாலும் பிசகு ஒரே அளவாக இருந்தால் ஹாட்ஸ்பாட். இந்த ஒரு சோதனையிலேயே இரண்டையும் பிரித்துவிடலாம்.

நிகழ்வைக் கையாளும்போது 'கர்சர் இப்போது எங்கே' என்று கேட்கும் பாஸ் அழைப்பைப் பயன்படுத்துவதும் பிசகு தரும். நிகழ்வு நடந்த இடம் நிகழ்வுக்குள்ளேயே இருக்கிறது. செயலி 80 மில்லிநொடி தாமதமாக அதை எடுத்தால், நொடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் கர்சர் அதற்குள் 80 பிக்சல் போயிருக்கும். வேலேண்டில் செயலிக்குத் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, எனவே அந்த அழைப்பின் விடையை நம்பி மெனு திறப்பது இன்னும் ஆபத்து. பல திரைகள் உள்ள இடத்தில் இடப்பக்கத் திரையின் ஆயங்கள் குறை எண்ணாக வரலாம். 'சுழிக்குக் கீழே என்றால் செல்லாத இடம்' என்று எழுதிய நிபந்தனைகளைத் தேடிப்பிடித்து நீக்குங்கள்.

எந்த வரிசையில் தேடுவது

1. ஓவர்ரைடு கர்சர் அடுக்கு காலியா என்று முதலில் அச்சிடுங்கள். ஓவர்ரைடுகர்சர் அழைப்பு வெற்றுச் சுட்டியைத் திருப்பினால் காலி. காலியில்லை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

2. அரை நொடிக்கு ஒருமுறை ஓடும் டைமர் ஒன்றில், மவுஸுக்கு அடியில் இருக்கும் விட்ஜெட்டின் வகுப்புப் பெயரை அச்சிடுங்கள். அங்கிருந்து தாய்வழியே மேலேறி, செட்கர்சர் பண்பு இயங்கியிருக்கும் முதல் விட்ஜெட் எது என்றும் அச்சிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேல்விரிப்பு விட்ஜெட் குறுக்கே கிடப்பது பெரும்பாலும் இங்கேதான் அம்பலமாகும்.

3. லினக்ஸில் க்யூட் தளத்தைக் குறிக்கும் சூழல் மாறியை ஒருமுறை எக்ஸ்சிபி (எக்ஸ்11) என்றும், ஒருமுறை வேலேண்ட் என்றும் வைத்து ஓட்டுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் விட்ஜெட் நிரலில் தேடுவதை நிறுத்திவிடலாம்.

4. திரை அளவீட்டை 100 சதவீதத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிழை மறைந்தால் படத்தின் விகிதமோ ஆயத்தொலைவோதான்.

5. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் இயங்குதளத்தின் உரையாடலையே படிக்க வேண்டும். விண்டோஸில் ஸ்பை++ கருவியில் செட்கர்சர் செய்தியை மட்டும் வடிகட்டினால், எந்தச் சாளரம் அதைப் பெறுகிறது என்று தெரியும். வேலேண்டில் வேலேண்ட் டீபக் என்ற மாறியை 1 என்று வைத்து முனையத்திலிருந்து ஓட்டினால் எல்லாச் செய்திகளும் கொட்டும். வலப்பக்க அம்புக்குறியோடு தொடங்குபவை செயலி அனுப்பியவை, அம்பு இல்லாதவை அதற்கு வந்தவை. பாயின்ட்டரின் 'நுழைவு' வரியில் உள்ள முதல் எண்ணையும், அதற்குப் பின் செயலி அனுப்பும் கர்சர் கோரிக்கையின் முதல் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் கோரிக்கை செல்லுபடியாகும். வேறாக இருந்தால் டூல்கிட் பழைய வரிசை எண்ணைப் பயன்படுத்துகிறது. அது டூல்கிட்டின் பிழை. கர்சர் கோரிக்கையே இல்லையென்றால் செயலி பதில் சொல்லவில்லை.

தானியங்கிச் சோதனைகளை இங்கே ஓரளவுக்குத்தான் நம்பலாம். விட்ஜெட்டிடம் அதன் கர்சர் வடிவத்தைக் கேட்டு ஒப்பிடும் சோதனை, செயலி என்ன கேட்டது என்பதை மட்டுமே சரிபார்க்கிறது. திரையில் என்ன தெரிந்தது என்பது அதற்குத் தெரியாது. ஓவர்ரைடு அடுக்கின் கசிவைப் பிடிக்க மட்டும் அது மிக நல்ல கருவி. ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் அடுக்கு காலியா என்று பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், காலிக் கோப்பு போன்ற ஓரத்து நிலைகளுக்குச் சோதனை எழுதும் நாளிலேயே கசிவு மாட்டும்.

டூல்கிட் குழுவுக்குப் பிழை அறிக்கை அனுப்பும்போது க்யூட்டின் துல்லியமான பதிப்பு, இயங்குதளத்தின் பதிப்பு, லினக்ஸ் என்றால் கம்போசிட்டரின் பெயரும் பதிப்பும், ஒவ்வொரு திரையின் அளவீட்டுச் சதவீதம், கர்சர் தீமும் அளவும், மவுஸா தொடுபலகையா தொலைநிலை இணைப்பா என்பது ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஐம்பது வரிக்குள் அடங்கும் மாதிரி நிரலையும், வேலேண்ட் என்றால் 'நுழைவு' வரியிலிருந்து அடுத்த கர்சர் கோரிக்கைவரை உள்ள பதிவையும் இணையுங்கள். தொலைநிலை இணைப்பை விட்டுவிடக் கூடாது: அங்கே கர்சர் வடிவம் படத்திலிருந்து பிரிந்து தனியாகப் பயணிக்கிறது. இரண்டு கர்சர் தெரிவதும் ஒன்றுமே தெரியாமல் போவதும் பல வேளை அந்த இணைப்பு மென்பொருளின் வேலை. நேரடியாகக் கணினி முன் அமர்ந்து ஒருமுறை நிகழ்த்திப் பார்த்த பிறகே அறிக்கையை அனுப்ப வேண்டும்.